அம்போ என்றால் மாங்காய்

சத்யப்ரியாவுக்குப் பயம் கூடவே பிறந்தது. இடி இடித்தால் பயம், பல்லி கத்தினால் பயம், ஆட்டோக்காரர் வழி மாற்றி ஓட்டினால் பயம். ஆனாலும் அவளைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிட முடியாது. பெற்ற தகப்பனையும் கூடப்பிறந்த அண்ணனையும் எதிர்த்துக்கொண்டு, பசுமலைக் கல்லூரியில் உடன் படித்த கிரிதரனைப் போலீஸ் ஸ்டேஷன் வளாகத்திலேயே மாலை மாற்றிக் கட்டிக்கொண்டவள் அவள். நடுங்கிக்கொண்டேதான் செய்தாள், ஆனால் செய்தாள். பயமே இல்லாதவன் ஒரு காரியத்தைச் செய்தால் அதில் என்ன பெருமை இருக்கிறது?

அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்பும் கொஞ்சம் மாந்தோப்பும் வைத்திருக்கிற வெள்ளைத்துரையின் மகள் அவள். கிரிதரனோ முனிச்சாலைப் பக்கம் ஒரு முடுக்குச் சந்துக்குள் குடியிருக்கும் சௌராஷ்டிரா வீட்டுப் பையன். டூவீலர் ஷோரூம் ஒன்றில் வேலை. அன்றைக்கு ஸ்டேஷனில் வெள்ளைத்துரை மகளின் முகத்தைப் பார்க்கவே இல்லை. "இன்னையோட தலை முழுகிட்டேன். எனக்கு மக கெடையாது" என்று இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அண்ணன் அழகுராஜாதான் வாசல்வரை போனவன் திரும்பி வந்தான். கிரிதரனின் காதருகே குனிந்து, "எங்க பிள்ளைக்கு ஒண்ணுன்னு என் காதுல விழுந்துச்சு, மாப்ள, உன் கை உன் ஒடம்புல இருக்காது" என்றான். அந்த 'மாப்ள' உறவா, மிரட்டலா என்று கிரிதரனுக்கு இன்றுவரை விளங்கவில்லை. சத்யப்ரியாவுக்கு விளங்கும். அழகுராஜா சொன்னதைச் செய்கிறவன்.

அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து மூச்சுப் பேச்சில்லை. தீபாவளிக்கு அப்பாவுக்குப் போன் அடித்தாள். பொங்கலுக்கு அடித்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்துபோனதுதான் மிச்சம்.

புகுந்த வீட்டில் பாஷை வேறு. மாமியார் சூடாமணிக்குத் தமிழ் தண்ணி பட்ட பாடுதான். ஆனால் அவசரமோ கோபமோ சிரிப்போ வந்துவிட்டால் நாக்கு தானாக வீட்டுப் பாஷைக்குத் தாவிவிடும். வந்த புதிதில் "காய்?" என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் நுழைந்தவரிடம், சத்யப்ரியா ஒரு கத்தரிக்காயை எடுத்து நீட்டினாள். அவர்கள் பாஷையில் 'காய்' என்றால் 'என்ன' என்று அர்த்தமாம். அதுவாவது சிரிப்போடு போயிற்று. இன்னொரு நாள் மாமியாரும் கிரிதரனும் கூடத்தில் உட்கார்ந்து ஏதோ பேசினார்கள். நடுவில் 'சத்யா' என்று காதில் விழுந்தது. அப்புறம் 'அம்போ' என்று விழுந்தது. திரும்பவும் 'சத்யா', திரும்பவும் 'அம்போ'. அலங்காநல்லூரில் பிறந்தவளுக்கு 'அம்போ' என்றால் ஒரே அர்த்தம்தான். நட்டாற்றில் விட்டுவிட்டுப் போவது, ஆள் அவுட், கதை முடிந்தது. தன்னை அம்போவென்று விடத்தான் திட்டம் போடுகிறார்கள் என்று அவள் குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுத அழுகை கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில் பார்த்தால், சத்யாவுக்கு மாம்பழம் பிடிக்குமா, வாங்கி வரவா என்று கேட்டிருக்கிறான் புருஷன். "காயோ பழமோ, எங்க வீட்ல எல்லாம் அம்போதாம்மா" என்று சூடாமணி கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த வீட்டில் ரொம்ப நாளைக்கு அதுதான் பேச்சு.

எந்த வார்த்தை சிரிப்புக் காட்டியதோ அதே வார்த்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை குலைநடுங்க வைத்தது.

வைகாசி மாதம். வருஷத்துக்கான ஊறுகாய்க்கு ஒரு மூட்டை மாங்காய் வந்து இறங்கியிருந்தது. ஓட்டோடு சேர்த்துத் துண்டு போடுகிற ஊறுகாய். கொட்டை முற்றிய காயாக இருக்க வேண்டும். அதை வெட்டுவதற்கென்றே சூடாமணி ஒரு சாமான் வைத்திருந்தார். மாங்காய் கட்டர். கனத்த மரப்பலகை, அதன் ஒரு முனையில் கீல் வைத்து மாட்டிய நீளமான இரும்புக் கத்தி, மறுமுனையில் கைப்பிடி. காயைப் பலகையில் வைத்துக் கைப்பிடியை ஓங்கி அமுக்கினால், 'டக்' என்று கொட்டையும் சேர்ந்து இரண்டாகும். சத்யப்ரியாவுக்கு அதைப் பார்த்த நாளிலிருந்தே ஆகாது. கத்தி தூக்கி நிற்கும்போது யாரோ கையை ஓங்கிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும்.

அவள் பிறந்த வீட்டில் அருவாமனைதான். அதில் கத்தி சும்மா நிற்கும், காய் கத்தியைத் தேடிப் போகும். இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினால் போதும். இந்தக் கட்டரில் எல்லாம் தலைகீழ். காய் சும்மா கிடக்கும், கத்தி அதைத் தேடி வரும். சூடாமணிக்கு அன்று தோள்பட்டை வலி. "நான் அமுக்குறேன் அத்தை, நீங்க தொடச்சுக் குடுங்க" என்று சத்யப்ரியா பலகை முன்னால் உட்கார்ந்துவிட்டாள். முதல் கூடைவரைக்கும் பயந்து பயந்து, விரலைத் தூர வைத்துத்தான் வெட்டினாள். அதனால் ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நேரத்தில் கை பழகி, பேச்சுச் சுவாரசியத்தில் பயம் விட்டுப்போயிற்று. பயம் விட்ட இடத்தில் பழைய பழக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. வலது கை கைப்பிடியை அமுக்குகிற அதே நேரத்தில், இடது கை அருவாமனை என்று நினைத்துக் காயைக் கத்திப் பக்கம் தள்ளியது.

வலி உடனே தெரியவில்லை. பலகை சிவப்பானதுதான் முதலில் தெரிந்தது. ஆள்காட்டி விரல் நுனியில் ஆழமான வெட்டு. சூடாமணி போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து கிரிதரன் ஓடி வந்தான். துண்டைச் சுற்றி, பைக்கில் பின்னால் உட்காரவைத்து, பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் பறந்தான்.

வீட்டில் தனியாக நின்ற சூடாமணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு பெண்ணுக்கு இப்படி ஆகியிருக்கும்போது பெற்றவர்களுக்குச் சொல்லாமல் எப்படி? அவர் மனசு அப்படி. மருமகளின் போனில் 'அப்பா' என்று இருந்த நம்பரைப் பார்த்துத் தன் போனிலிருந்து அடித்தார். தெரியாத நம்பர் என்பதால் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். பேசவேண்டியதைப் பேசிவிட்டு, போனை அங்கேயே போட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு அவரும் கிளினிக்குக்கு ஓடினார்.

தையல் போட்டு, ஊசி போட்டு, மூவரும் திரும்பி வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கூடத்தில் கிடந்த சூடாமணியின் போனில் ஒரே நம்பரிலிருந்து வரிசையாக மிஸ்டு கால். கடைசியில் ஒரு வாய்ஸ் மெசேஜ். கிரிதரன் அதை அமுக்கினான்.

"நாங்க வாரோம். அம்புட்டுப் பேரும் வீட்டுலயே இருக்கணும். நாங்க வராம எடுத்தீக, அப்புறம் நடக்குறதே வேற."

அழகுராஜாவின் குரல். ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் கேட்கிற அண்ணன் குரல்.

"என்னத்த எடுக்கக் கூடாதாம்?" என்றார் சூடாமணி. "நகையைச் சொல்றாங்களா? அவங்க ஒண்ணும் போடலியேம்மா."

எதை எடுப்பது என்று சத்யப்ரியாவுக்குத் தெரியும். அவர்கள் ஊரில் சாவு வீட்டில் வந்து நின்று, "எப்ப எடுக்கிறீக?" என்று ஒருவர் கேட்டால், அது ஒன்றைத்தான் கேட்கிறார். பிணத்தை.

"அத்தை, போன்ல என்ன சொன்னீங்க?"

"என்னம்மா சொல்லுவேன்? பதட்டத்துல எனக்குத் தமிழே வரல. சத்யா... அம்போ... ரத்தம்... அம்போன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அந்தப் பக்கம் ஏதோ கீழ விழுந்த மாதிரி சத்தம் கேட்டுச்சு. கட்டாயிருச்சு."

சத்யப்ரியா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்யா அம்போ, ரத்தம். இதற்கு அலங்காநல்லூரில் யார் மாங்காய் என்று அர்த்தம் சொல்வார்கள்? மகள் போய்விட்டாள். அதுவும் ரத்தத்தோடு போய்விட்டாள். இனி வருகிறவர்கள் கேள்வி கேட்டுக்கொண்டு வரமாட்டார்கள். ஸ்டேஷனில் அண்ணன் சொன்னது காதில் திரும்பவும் ஓடியது. புருஷனின் கையைப் பார்த்தாள். தன் விரலில் வலி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

அப்பா நம்பருக்கு அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப். அண்ணனுக்கு அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தாள். "அண்ணே, நான் நல்லா இருக்கேண்ணே, விரல்லதான் காயம்" என்று பேசி அனுப்பினாள். அனுப்பியது போய்ச் சேர்ந்ததற்கு டிக் விழுந்தது, கேட்டதற்கு அடையாளம் விழவில்லை.

"போலீஸுக்குச் சொல்லிருவோமா?" என்றான் கிரிதரன்.

"வேணாம். போலீஸ் கைய வச்சா எங்கண்ணன் இன்னும் ஏறுவான். நீங்க பக்கத்து வீட்டு மாடிக்குப் போயிருங்க."

"நான் ஓடுனா, தப்பு பண்ணவன்னு ஆயிரும் சத்யா. இங்கதான் நிப்பேன்." வீரமாகத்தான் சொன்னான். ஆனால் இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நின்றான். ஏன் அப்படி நிற்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

சூடாமணிக்கு அப்போதுதான் தரை கண்ணில் பட்டது. ரத்தம் உறைந்து கிடந்தது. பலகையில் ரத்தம், கத்தியில் ரத்தம், பாதி வெட்டின மாங்காயில் ரத்தம். வாளியும் துணியுமாக மாமியார் ஒரு பக்கம், ஒற்றைக் கையால் மருமகள் ஒரு பக்கம் துடைத்தார்கள். கொலை செய்தவர்கள்கூட இவ்வளவு அவசரமாகத் தரை துடைத்திருக்க மாட்டார்கள். கிரிதரன் கட்டரைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே ஒரு போர்வையைப் போட்டான். போட்டுவிட்டு, "நாம ஏன் இத ஒளிக்கிறோம்?" என்று கேட்டான்.

முடுக்கு முனையில் வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. முடுக்குக்குள் வேன் வராது. கதவுகள் திறந்து மூடின. அப்புறம் காலடிச் சத்தம், நிறையக் காலடிகள். ஆட்கள் பேசிக்கொண்டு வந்தால்கூடத் தேவலை. ஒருத்தரும் பேசவில்லை. சத்யப்ரியா ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். முன்னால் அழகுராஜா. இடுப்போடு சேர்த்து எதையோ துண்டால் மூடிப் பிடித்திருந்தான். அருவாவோ என்று அவள் சந்தேகப்படவில்லை, அருவாதான் என்று முடிவே கட்டிவிட்டாள்.

இங்கேதான் அவள் பயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒளிந்துகொள்ள வேண்டும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கட்டிலுக்கு அடியில் அந்தக் கட்டர் பக்கத்திலேயே போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் முதலில் கதவைத் திறக்கிறவன் கிரிதரனாக இருந்துவிட்டால்? அவள் போய்த் தாழ்ப்பாளை எடுத்தாள். இரண்டு கையையும் நிலையில் விரித்து வைத்து, வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே! நான் இருக்கேண்ணே! அவரத் தொட்டுறாதண்ணே!"

கூட்டம் அப்படியே நின்றது. பின்னால் வந்த ஒருவன் கையிலிருந்து ரோஜா மாலை நழுவிச் சாக்கடை மூடியின்மேல் விழுந்தது. அண்ணனைத் தள்ளிக்கொண்டு அப்பா முன்னால் வந்தார். சட்டைகூடப் போடவில்லை, வெறும் துண்டு. மகளை உச்சி முதல் பாதம்வரை பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை. சத்யப்ரியா எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. அவர் அவளைப் பார்த்துப் பயந்தார். பேயைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு அந்த முடுக்கிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"செத்துட்டன்னாங்கடி" என்றார்.

"மாங்கான்னு சொன்னாங்கப்பா."

"என்னது?"

"அவங்க பாஷையில அம்போன்னா மாங்கா. மாங்கா வெட்டயில வெரல்ல பட்டுருச்சு. அதத்தான் சொன்னாங்க."

யாரும் சிரிக்கவில்லை. சூடாமணி மருமகளின் முதுகுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தார். "நான் உன் போன எடுக்கல, பாப்பா. அவன் பேசுறான்னு நெனச்சேன்" என்று அழகுராஜா தரையைப் பார்த்துச் சொன்னான். அவன் இடுப்பில் பிடித்திருந்த துண்டு நழுவியது. உள்ளே இருந்தது ஒரு மஞ்சள் பை. பையின் வாயில் புதுச் சேலையின் கரை தெரிந்தது. கூடவே மஞ்சள், குங்குமம், பூ.

கோடிச் சேலை. சுமங்கலியாகப் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போர்த்த வேண்டிய கடைசிச் சேலை. அது வராமல் எடுக்க மாட்டார்கள். அதற்குத்தான் 'நாங்க வராம எடுத்தீக' என்று அண்ணன் மிரட்டியிருக்கிறான். தலை முழுகிய தகப்பன், மகளே இல்லை என்று சொன்ன தகப்பன், அந்தச் சேலையை மட்டும் இல்லையென்று சொல்லவில்லை.

அருவா இல்லை என்றதும் சத்யப்ரியாவுக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் ஆத்திரம் வந்தது.

"கல்யாணத்துக்கு ஒரு கர்ச்சீப் எடுத்துத் தரல. தீபாவளிக்குப் போன் அடிச்சா எடுக்கல. செத்தேன்னு சொன்னதும் பட்டுச்சேல எடுத்துட்டு ஓடி வாரீங்க. உசுரோட இருக்கிறப்ப வரக் கூடாதாப்பா?"

வெள்ளைத்துரை மெதுவாக எழுந்தார். தலையைத் தூக்காமல் சொன்னார்.

"உசுரோட இருக்கிறவளுக்கு எடுத்தா ஊரு கேக்கும்டி. செத்தவளுக்கு எடுத்தா ஒரு பய கேக்க மாட்டான்."

அண்ணனின் துண்டைவிட, வாய்ஸ் மெசேஜைவிட, அந்த வார்த்தைதான் அவளை நிஜமாகப் பயமுறுத்தியது. செத்தால்தான் இவர் தனக்கு அப்பாவாக இருக்க முடியும் என்கிறாரே. அவருக்கும் சொன்னபிறகுதான் அது உறைத்திருக்க வேண்டும். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சூடாமணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் நீட்டினார். குடிப்பாரோ மாட்டாரோ என்று எல்லோரும் பார்த்தார்கள். படி ஏறவில்லை, ஆனால் வாசலில் நின்றபடியே வாங்கி அண்ணாந்து குடித்தார். மகளின் கட்டுப் போட்ட கையைப் பார்த்து, "அருவாமனையில பழகுன கையி. புதுச் சாமான்ல கவனமா இருக்க வேணாமா?" என்றார். பக்கத்தில் பாக்கெட்டுக்குள் கைவிட்டு நின்ற மருமகனை ஒருமுறை பார்த்தார்.

"என்னப் பெத்த ஆத்தாவுக்குத் தெரியுமாப்பா?"

"சொல்லல. நெஞ்சுவலிக்காரி. கரும்பு லோடு விசயமாப் போறோம்னு சொல்லிட்டு வந்தோம்." பிறகு மகன் பக்கம் திரும்பி, "அந்தப் பைய வைகைப் பாலத்துல போறப்ப தண்ணியில விட்டுருடா" என்றார்.

சத்யப்ரியா முன்னால் போய், நல்ல கையால் அந்தப் பையை அண்ணனிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். "ஆகாதுடி!" என்று அப்பா பதறினார். "எனக்குன்னு எடுத்ததுதான" என்றாள். அவர் கைநீட்டிப் பார்த்தார். அவள் விடவில்லை.

வேன் போய்விட்டது. கோடி வீட்டுக்குள் வரக் கூடாது என்று சூடாமணியும் சொன்னார். இரண்டு வீட்டுக்கும் பாஷைதான் வேறே தவிர, பயம் ஒன்றுதான். பை வெளித் திட்டில் கிடந்தது. சாயங்காலம் விளக்கேற்ற அவர் பூஜை அறைக்குள் போன நேரம் பார்த்து, சத்யப்ரியா அதைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் வைத்துப் பிரித்தாள். அரக்குச் சேலை, மயில்கழுத்துக் கரை. கல்லூரி விழாவுக்கு இதே மாதிரி ஒன்று வேண்டுமென்று அவள் அழுதபோது, "இப்ப எதுக்கு? கல்யாணத்துக்கு எடுத்துத் தாரேன்" என்று அப்பா சொல்லியிருந்தார். சாவுக்குச் சேலை எடுக்கப் போன அவசரத்திலும் அந்தக் கலரைக் கேட்டு வாங்கியிருக்கிறார். அவள் சேலையை முகத்தில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

போன் அடித்தது. அண்ணன் நம்பர். நடுங்கிக்கொண்டே எடுத்தாள். அந்தப் பக்கம் அப்பாவின் குரல்.

"இருக்கியா?"

"இருக்கேம்பா."

"ஒண்ணுமில்ல. சும்மா அடிச்சுப் பாத்தேன்." தொண்டையைச் செருமினார். "காலையில கேட்டது காதுலயே நிக்குதுடி. கண்ண மூட முடியல. அந்தச் சேலையத் தூரப் போட்டுட்டியா?"

"போட்டுட்டேம்பா."

"நல்லது. வீட்டுல வச்சுக்கக் கூடாது அத. நாளைக்கும் அடிப்பேன். எடுத்துரு. எடுக்காம மட்டும் இருந்துராத தாயி."

போன் கட்டானது. சத்யப்ரியா மடியில் விரிந்து கிடந்த சேலையை ஒற்றைக் கையால் மடிக்கப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டே போனது. நிமிர்ந்தால், கையில் விளக்குத் திரியோடு சூடாமணி அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. கோடியைப் பார்த்த அவர் முகத்தில் பயம் அப்படியே தெரிந்தது. திரியைக் கீழே வைத்தார். உள்ளே வந்து, சேலையின் மறுமுனையைப் பிடித்தார்.